மருந்துக்குத் தப்பும் முட்டை... பவளம் தின்னும் புழு சொல்லும் நாள் கணக்கு!

“மருந்து அடிச்சதும் பூச்சி சுத்தமா செத்துப்போச்சு. ஆனா, மூணே வாரத்துல பழையபடி வந்துடுச்சு. கடையில கொடுத்த மருந்து சரியில்லையோ?”

கத்திரி, பருத்தி, மரவள்ளி என்று எந்தப் பயிர் வைத்தவரிடம் பேசினாலும் இந்தப் புலம்பலைக் கேட்கலாம். ஆடு, மாடு வளர்ப்பவர்கள் உண்ணியைப் பற்றி இதையேதான் சொல்கிறார்கள். அமெரிக்கா, ஐரோப்பா, ஆஸ்திரேலியா போன்ற இடங்களில் கண்ணாடித் தொட்டியில் கடல்நீர் நிரப்பிப் பவளம் வளர்ப்பவர்களும் பல ஆண்டுகளாக இதே வார்த்தைகளைத்தான் சொல்லிவந்தார்கள். அவர்களை வாட்டியது, பவளத்தைத் தின்னும் ஒரு தட்டைப்புழு. மருந்து நீரில் முக்கினால் புழு உதிர்கிறது. தொட்டி சுத்தமாகிவிட்டது என்று நிம்மதியாக இருந்தால், சில வாரங்களில் பவளம் மறுபடியும் வெளுக்கிறது.

இதற்கு விடை மருந்துப் புட்டியில் கிடைக்கவில்லை. புழுவின் வாழ்க்கைச் சுழற்சியை நாள் நாளாகக் கணக்கெடுத்த பிறகே கிடைத்தது. அந்தக் கணக்கு எப்படிப் போடப்பட்டது என்று தெரிந்துகொண்டால், நம் வயல் பூச்சிக்கும் அதே வழியில் கணக்குப் போட முடியும்.

கல் அல்ல, உயிர்!

பவளப்பாறையைப் பார்த்தால் கல் போல இருக்கும். உண்மையில் அது ஆயிரக்கணக்கான சின்னஞ்சிறு உயிரினங்கள் சேர்ந்து வாழும் குடியிருப்பு. பாலிப் என்று சொல்லப்படும் இந்த உயிர்கள், கடல்நீரில் இருக்கும் சுண்ணாம்புச் சத்தை எடுத்து, தங்களுக்கு அடியில் கூடு கட்டிக்கொண்டே போகின்றன. மேலே இருப்பது மெல்லிய தசை, கீழே இருப்பது சுண்ணாம்புக் கூடு.

அந்தத் தசைக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசிகள் குடியிருக்கின்றன. அவை சூரிய ஒளியில் உணவு தயாரித்து, அதில் பெரும் பங்கைப் பவளத்துக்குக் கொடுக்கின்றன. பதிலுக்குப் பவளம் இடமும் சத்தும் தருகிறது. உளுந்து, துவரை வேர்முடிச்சில் ரைசோபியம் பாக்டீரியா இருந்து தழைச்சத்தை நிலைநிறுத்திக் கொடுக்கிறதே, அதுபோன்ற கூட்டு வாழ்க்கை இது. கடல்நீர் அளவுக்கு மீறிச் சூடானால் இந்தக் கூட்டு முறிந்துபோகும். பாசிகள் வெளியேறும், பவளம் வெள்ளையாகிவிடும். இதைத்தான் பவளம் வெளுத்தல் என்கிறார்கள்.

பவளங்களில் அக்ரோபோரா என்ற வகை முக்கியமானது. மான்கொம்பு போலக் கிளைவிட்டு வளரும் பவளங்கள் பல இந்த வகையில் இருக்கின்றன. சில இனங்களின் கிளை ஆண்டுக்கு 10 சென்டிமீட்டருக்கு மேல்கூட வளரும். பவளத்தில் இது நல்ல வேகம். இதில் ஒரு துண்டை ஒடித்துத் தகுந்த இடத்தில் பொருத்தினால், அது தனிப் பவளமாக வளர்ந்துவிடும். மரவள்ளிக் குச்சி, கரும்புக் கரணை, முருங்கைப் போத்து நடுகிற அதே கதைதான். அழிந்துபோன பவளத்திட்டுகளை மீட்கும் பணியிலும், வெளிநாடுகளில் தொட்டிக்காகப் பவளம் வளர்க்கும் பண்ணைகளிலும் இந்த முறைதான் பயன்படுகிறது.

குச்சி மூலம் பரவும் பயிருக்கு, குச்சியோடு வரும் பூச்சியும் உண்டு. பவளத்துக்கும் அப்படித்தான் வந்தது.

பவளத்தின் நிறத்தில் ஒளிந்திருக்கும் புழு

இந்தத் தட்டைப்புழு அக்ரோபோரா வகைப் பவளத்தைத் தின்று வாழ்வது. இலை போலத் தட்டையாக, பவளத் தசையின் மேல் ஒட்டினாற்போல ஊர்ந்து செல்லும். நன்றாக உற்றுப் பார்த்தாலும் கண்ணில் படாது. காரணம், அது தின்ற பவளத் தசையில் இருந்த பாசிகள் புழுவின் குடலில் தங்கிவிடுகின்றன. அதனால் புழுவின் உடலும் பவளத்தின் நிறத்துக்கே வந்துவிடுகிறது. பச்சைப் புழு பச்சை இலையில் ஒளிந்திருப்பது போல, இது பவள நிறத்தில் பவளத்தின் மேலேயே ஒளிந்திருக்கிறது.

புழு தெரியாவிட்டாலும் அது தின்ற தடம் தெரியும். பவளக் கிளையில் சிறுசிறு வட்டமாக வெளிறிய புள்ளிகள் வரும். பிறகு நிறம் மங்கும், வளர்ச்சி நிற்கும், அடிப்பகுதியில் தசை உரிந்து வெறும் சுண்ணாம்புக் கூடு தெரியும். எண்ணிக்கை பெருகினால் முழுப் பவளமும் செத்துப்போகும். சந்தேகம் வந்தவர்கள் பிழிகுழாயால் பவளக் கிளையின் மேல் நீரைப் பீய்ச்சிப் பார்ப்பார்கள். புழு இருந்தால் பிடி நழுவி மிதந்து வரும். நெற்பயிரைத் தட்டி, தண்ணீரில் விழும் புகையானை எண்ணிப் பார்ப்பது போன்ற சோதனை இது.

இந்தப் புழுவில் ஆண், பெண் என்று தனித்தனியாகக் கிடையாது. ஒரே புழுவுக்குள் இரண்டு உறுப்புகளும் உண்டு. எனவே, வளர்ந்த ஒவ்வொன்றும் முட்டை வைக்கும் தாய்தான். முட்டைகளை உயிருள்ள தசையின் மேல் வைப்பதில்லை. பக்கத்தில் தசை உரிந்து வெறுமையாக இருக்கும் சுண்ணாம்புப் பகுதியில் கொத்தாக ஒட்டி வைக்கும். ஒரு கொத்தில் 20-க்கும் மேற்பட்ட முட்டை உறைகள் இருக்கும். ஒவ்வோர் உறைக்குள்ளும் ஒன்றுக்கு மேற்பட்ட கருக்கள் வளரும். குஞ்சு வெளியே வந்தவுடன் தின்பதற்குப் பவளத் தசை அருகிலேயே இருக்கிறது. தாய்ப்பூச்சி இடம் பார்த்து முட்டை வைப்பதில் எந்தக் குறையும் வைப்பதில்லை.

தொட்டி வளர்ப்பாளர்களுக்கு முன்பே தெரிந்திருந்தாலும், 2011-ம் ஆண்டில்தான் இந்தப் புழுவுக்கு முறையான அறிவியல் பெயர் வைக்கப்பட்டது. கேட் ராவ்லின்சன் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் தொட்டிகளில் கிடைத்த புழுக்களை வைத்து இதை விவரித்தார்கள். அதுவரை இயற்கையான கடலில் இதைப் பார்த்ததாகப் பதிவு இல்லை. 2012-ல் ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில், லிசர்ட் தீவுப் பகுதியில் இது கண்டுபிடிக்கப்பட்டது. முதலில் வைத்த பெயர் பிறகு மாற்றப்பட்டு, இன்று ‘புரோஸ்தியோஸ்டோமம் அக்ரோபோரே’ என்று அழைக்கப்படுகிறது.

ஆட்டுக்குக் கொடுக்கும் மருந்துதான்... ஆனால்!

பவள வளர்ப்பாளர்கள் இந்தப் புழுவை விரட்டப் பயன்படுத்திய மருந்துகளில் ஒன்றின் பெயர் நம் ஆடு வளர்ப்பாளர்களுக்கு நன்றாகத் தெரியும். அது லெவமிசோல். ஆடு, மாடுகளுக்கு உருண்டைப் புழுக்களை நீக்கக் கொடுக்கப்படும் குடற்புழு மருந்து. அது புழுவின் நரம்பு, தசை இயக்கத்தைக் குலைத்துச் செயலிழக்க வைக்கிறது. பவளத்தை எடுத்து மருந்து கலந்த கடல்நீரில் சிறிது நேரம் வைத்தால், தட்டைப்புழுக்கள் பிடி தளர்ந்துவிடும். பிறகு நீரைப் பீய்ச்சி உதிர்த்துவிடலாம்.

ஆனால், முட்டை உதிர்வதில்லை. அது கெட்டியான உறைக்குள், சுண்ணாம்புக் கூட்டோடு ஒட்டிக்கொண்டு பத்திரமாக இருக்கிறது. மருந்து நீர் அந்த உறையைத் தாண்டி உள்ளே போய்க் கருவைக் கொல்வதில்லை. வளர்ப்பாளர் பவளத்தைத் திரும்பத் தொட்டியில் வைக்கிறார். முட்டை பொரிகிறது. புதிய தலைமுறை தின்னத் தொடங்குகிறது. “மருந்து சரியில்லை” என்று அவர் முடிவு கட்டுகிறார்.

மருந்து தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது. மருந்துக்கு எட்டாத பருவம் ஒன்று புழுவின் வாழ்க்கையில் இருக்கிறது. அது எத்தனை நாள் நீடிக்கும்? பொரிந்த குஞ்சு எத்தனை நாளில் தாயாகி மறுபடி முட்டை வைக்கும்? இந்த இரண்டு கேள்விக்கும் விடை தெரியாமல் எத்தனை முறை மருந்து போட்டாலும் அது குருட்டு வைத்தியம்தான். சீக்கிரம் போட்டால் முட்டை தப்பும். தாமதமாகப் போட்டால் அடுத்த முட்டை வந்துவிடும்.

நான்கு வெப்பநிலை, ஒரே புழு

இந்தக் கணக்கைத்தான் ஆஸ்திரேலியாவின் டவுன்ஸ்வில் நகரில் உள்ள ஜேம்ஸ் குக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோனதன் பார்ட்டனும் உடன் ஆய்வாளர்களும் போட்டார்கள். ராவ்லின்சனும் இந்தக் குழுவில் உண்டு. ஆய்வு முடிவு 2019-ல் வெளியானது.

எதிரியைப் படிக்க வேண்டுமானால் முதலில் எதிரியை வளர்க்க வேண்டும். அதற்காக அக்ரோபோரா பவளத்தின் மேல் இந்தப் புழுக்களை நீண்ட காலம் தலைமுறை தலைமுறையாக வளர்த்தார்கள். நம் ஊர் உயிரியல் கட்டுப்பாட்டு ஆய்வகங்களில் டிரைக்கோகிரம்மா முட்டை ஒட்டுண்ணிக்காக நெல் அந்துப்பூச்சியைக் கம்புத் தீனி போட்டு வளர்க்கிறார்களே, அதுபோலத்தான்.

பிறகு 21, 24, 27, 30 டிகிரி செல்சியஸ் என்று மூன்று மூன்று டிகிரி இடைவெளியில் நான்கு வெப்பநிலைகளில் வைத்து, நான்கு விஷயங்களைக் கணக்கெடுத்தார்கள். முட்டை பொரிய எத்தனை நாள்? எத்தனை முட்டை பொரிகிறது? பொரிந்த குஞ்சு பவளம் கிடைக்காமல் எத்தனை நாள் உயிரோடு இருக்கும்? எத்தனை நாளில் அது தாயாகும்?

கிடைத்த விடைகள் இவை:

27 டிகிரியில் முட்டை பொரிய சராசரியாக 11 நாள் ஆனது. புழு முதிர்ச்சி அடைய சராசரியாக 35 நாள் ஆனது. ஒரு தலைமுறை முடிய ஆகும் குறைந்தபட்சக் காலம் 38 நாள்.

24 டிகிரியில் அதே தலைமுறைக் காலம் 64 நாள்.

24 முதல் 30 டிகிரி வரை முட்டைகள் நன்றாகப் பொரிந்தன. 21 டிகிரியில் பொரிப்புத் திறன் குறைந்தது.

வெப்பமான நீரில் புழு வேகமாக வளர்ந்தது. முதிர்ச்சி அடையும்போது உடலும் பெரிதாக இருந்தது.

பொரிந்த குஞ்சு பவளம் இல்லாமல் கால் நாளிலிருந்து 9 நாள் வரை உயிரோடு இருந்தது. அது ஊர்வதோடு நீந்தவும் செய்யும்.

இங்கே ஒரு சந்தேகம் வரலாம். 11 நாளையும் 35 நாளையும் கூட்டினால் 46 நாள் வருகிறதே, 38 எப்படி? முதல் இரண்டும் சராசரிக் கணக்கு. 38 என்பது குறைந்தபட்சக் கணக்கு. பூச்சி விஷயத்தில் சராசரியை நம்பினால் ஏமாந்துபோவோம். முந்திக்கொண்டு முட்டை வைக்கும் நான்கைந்து புழுக்களே அடுத்த தலைமுறைக்குப் போதும்.

மூன்று டிகிரியில் எவ்வளவு வித்தியாசம்?

24 டிகிரிக்கும் 27 டிகிரிக்கும் இடையே இருப்பது மூன்று டிகிரிதான். கையை விட்டுப் பார்த்தால் வித்தியாசமே தெரியாது. ஆனால், தலைமுறைக் கணக்கில் வைத்துப் பார்ப்போம். ஆண்டுக்கு 365 நாள். 64 நாளுக்கு ஒரு தலைமுறை என்றால், ஆண்டில் 5 தலைமுறை முடியும். 38 நாளுக்கு ஒரு தலைமுறை என்றால், 9 தலைமுறை முடியும்.

ஒரு புழுவுக்குப் பத்துக் குஞ்சு மட்டுமே பிழைத்துத் தாயாகிறது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். 5 தலைமுறை முடிவில் ஒரு லட்சம் புழு. 9 தலைமுறை முடிவில் 100 கோடி! அத்தனை புழுவுக்குத் தீனி கிடைக்காது என்பதால் நிஜத்தில் இந்த எண்ணிக்கை வராது. ஆனால், எந்த வேகத்தில் பெருகத் துடிக்கிறது என்பதை இந்தக் கணக்கு காட்டுகிறது.

பனிக்காலத்தில் கட்டுக்குள் இருக்கும் மாவுப்பூச்சியும் சிலந்திப்பூச்சியும் மாசி, பங்குனியில் வெயில் ஏறியதும் திடீரென்று பெருகுவதற்கும் இதுவே முக்கியக் காரணம். பூச்சிக்குத் தன் உடலைச் சூடாக வைத்துக்கொள்ளும் திறன் இல்லை. சுற்றுப்புறம் சூடானால் அதன் வளர்ச்சியும் வேகமெடுக்கிறது. எனவே, “15 நாளைக்கு ஒருமுறை தெளி” என்று எல்லாக் காலத்துக்கும் ஒரே அட்டவணை வைத்துக்கொள்வது சரிவராது. குளிர்காலத்துக்கு ஒரு கணக்கு, வெயில் காலத்துக்கு ஒரு கணக்கு வேண்டும்.

கடலுக்கும் இது பொருந்தும். பெருந்தடுப்புப் பவளத்திட்டில் 2016, 2017, 2020, 2022, 2024 ஆகிய ஆண்டுகளில் பெருமளவில் பவளம் வெளுத்தது. நீர் சூடாவது பவளத்தைப் பலவீனப்படுத்துகிறது. அதே சூடு, இந்த ஆய்வு காட்டும் எல்லைக்குள், புழுவுக்குச் சாதகமாக இருக்கிறது.

எப்போது போட வேண்டும் மருந்து?

இப்போது 27 டிகிரி தொட்டியை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

முதல் நாள் மருந்துக் குளியல். ஊர்ந்து திரியும் புழுக்கள் எல்லாம் போய்விட்டன. மிச்சம் இருப்பது முட்டை மட்டும். அதில் சில முட்டைகள் நேற்று வைத்தவை, சில பத்து நாளைக்கு முன்பே வைத்தவை.

நேற்று வைத்த முட்டை பொரிய 11 நாள் ஆகும். சராசரிக்குப் பிந்தியும் சில பொரியும். எனவே, ஐந்தாம் நாளே இரண்டாவது முறை மருந்து போட்டு நிறுத்திவிட்டால், பாதி முட்டை தப்பிவிடும்.

பத்து நாளைக்கு முன்பு வைத்த முட்டை மறுநாளே பொரிந்துவிடும். தலைமுறைக் காலம் 38 நாளில், முட்டைப் பருவம் 11 நாளைக் கழித்தால் 27 நாள். அந்தக் குஞ்சு 27 நாள் வாக்கில் தாயாகி முட்டை வைக்கத் தொடங்கலாம். எனவே, ஒரு மாதம் கழித்து மருந்து போட்டால், புதிய முட்டைகள் வந்திருக்கும். மீண்டும் முதலில் இருந்து ஆரம்பிக்க வேண்டும்.

ஆக, இரண்டாவது மருந்துக்கான நேரம் ஏறத்தாழ இரண்டு வாரத்துக்கு மேல், நான்கு வாரத்துக்குள். எல்லா முட்டையும் பொரிந்திருக்க வேண்டும், எந்தக் குஞ்சும் தாயாகியிருக்கக் கூடாது. இந்த இடைவெளியில் போடும் ஒரு மருந்து, தேதி பார்க்காமல் போடும் நான்கு மருந்துக்குச் சமம். பிந்திப் பொரிந்தவற்றுக்காக இதே கணக்கில் இன்னொரு முறையும் செய்துவிட்டால் நல்லது. தொட்டி நீர் 24 டிகிரியாக இருந்தால், இந்தத் தேதிகள் எல்லாம் தள்ளிப்போகும்.

மருந்தோடு கைவேலையும் உண்டு. தசை உரிந்த வெற்றுச் சுண்ணாம்புப் பகுதியில்தான் முட்டை இருக்கும் என்பதால், அந்தப் பகுதியை வெட்டி எடுத்துவிடுவார்கள் அல்லது முட்டைக் கொத்தைச் சுரண்டி எடுப்பார்கள். நெல் நாற்றின் நுனியில் தண்டுத்துளைப்பான் முட்டைக் குவியல் வைத்திருக்கும் என்பதால், நுனியைக் கிள்ளி எறிந்துவிட்டு நடச் சொல்கிறோம் அல்லவா? செலவில்லாத அந்த ஒரு வேலை, பிறகு வரும் வெண்கதிரைக் குறைக்கிறது. இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே.

இறாலும் மீனும் காவலுக்கு!

மருந்தைக் குறைத்து, இயற்கை எதிரிகளைக் கொண்டு புழுவைக் கட்டுப்படுத்த முடியுமா என்றும் பார்ட்டன் குழுவினர் பார்த்தார்கள். ஒன்று, ‘லிஸ்மாட்டா விட்டாட்டா’ என்ற சிறிய இறால். இன்னொன்று, உடலில் ஆறு கோடுகள் கொண்ட ஒரு சிறு பவள மீன்.

மீன், புழுக்களைத் தேடிப் பிடித்துத் தின்றது. ஆனால், முட்டையைத் தொடவில்லை. இறால், புழுவையும் தின்றது, முட்டையையும் தின்றது. முட்டைக்கு மருந்தே எட்டாத நிலையில், முட்டையைத் தின்னும் ஒரு கூட்டாளி கிடைத்தது பெரிய உதவி. கரும்பு இடைக்கணுப் புழுவுக்கு நான்காம் மாதத்திலிருந்து 15 நாள் இடைவெளியில் ஆறு முறை டிரைக்கோகிரம்மா கைலோனிஸ் ஒட்டுண்ணி விடுகிறோம். தண்டுக்குள் போன புழுவை அது ஒன்றும் செய்யாது. முட்டைப் பருவத்தை மட்டும் தாக்கும். எந்த இயற்கை எதிரி எந்தப் பருவத்தைத் தாக்கும் என்று தெரிந்து விட்டால்தான் பலன் கிடைக்கும்.

இதைப் பார்க்காமல் செய்த தவறுக்கு, அதே குயின்ஸ்லாந்து மாநிலத்தில் ஒரு பெரிய சாட்சி உண்டு. டவுன்ஸ்வில் இருக்கும் அந்த மாநிலம் கரும்புக்குப் பெயர் போனது. அங்கே கரும்பைத் தாக்கிய வண்டை ஒழிப்பதற்காக, 1935-ம் ஆண்டில் ஹவாய் தீவிலிருந்து சுமார் நூறு தேரைகளைக் கொண்டுவந்து பெருக்கிக் கரும்புக் காடுகளில் விட்டார்கள். தாய் வண்டு உயரத்தில் இலை தின்றது. அதன் புழு மண்ணுக்கு அடியில் வேரைத் தின்றது. தரையில் உட்கார்ந்திருந்த தேரைக்கு இரண்டும் எட்டவில்லை. வண்டு குறையவில்லை, தேரை பெருகிவிட்டது. அது நஞ்சுள்ள தேரை. அதைத் தின்ற உள்ளூர் விலங்குகள் செத்தன. இன்றைக்கும் வடக்கு ஆஸ்திரேலியாவில் அந்தத் தேரை பரவிக்கொண்டிருக்கிறது. வண்டு எந்தப் பருவத்தில், எங்கே இருக்கும் என்ற ஒரு கேள்வியை முன்கூட்டியே கேட்டிருந்தால், இந்த வினை வந்திருக்காது.

குச்சியோடு வந்த பூச்சி

இந்தத் தட்டைப்புழு ஒரு தொட்டியிலிருந்து இன்னொரு தொட்டிக்குப் போவதற்கு முக்கிய வாகனம், பவளத் துண்டுதான். ஒருவர் வெட்டிக் கொடுக்கும் துண்டின் அடியில் முட்டைக் கொத்து ஒட்டியிருந்தால் போதும். அதனால், புதிதாக வாங்கிய பவளத்தை முதலில் தனித் தொட்டியில் வைத்து, முட்டை பொரியும் காலம் தாண்டும்வரை கவனித்து, பிறகே பெரிய தொட்டியில் சேர்க்க வேண்டும். குஞ்சு நீந்தும் என்பதால், தனித் தொட்டியின் நீர் பெரிய தொட்டியோடு கலக்கவே கூடாது.

இதே பாடத்தை மரவள்ளி விவசாயிகள் அண்மையில் நிறைய விலை கொடுத்துக் கற்றார்கள். 2020-ல் இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட மரவள்ளி மாவுப்பூச்சி, சேலம், நாமக்கல் பகுதிகளில் குருத்தைச் சுருட்டி, செடியைக் குட்டையாக்கியது. அது வேகமாகப் பரவியதற்கு, தாக்கப்பட்ட வயலில் இருந்து விதைக்குச்சி எடுத்து வேறு ஊர்களுக்குக் கொண்டுபோனதும் ஒரு காரணம். பிறகு ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து ‘அனாகைரஸ் லோபேசி’ என்ற ஒட்டுண்ணிக் குளவி வரவழைக்கப்பட்டது. பெங்களூரில் சோதித்துப் பெருக்கப்பட்டு, 2022-ல் தமிழக வயல்களில் விடப்பட்டது. குயின்ஸ்லாந்தில் தேரையை விட்டது போல அல்லாமல், பூச்சியைத் தவிர வேறு எதையும் தாக்காது என்று உறுதி செய்துகொண்ட பிறகு விட்டார்கள்.

நம் கடலிலும் பவள நடவு

பவள நடவு என்பது ஆஸ்திரேலியக் கதை மட்டும் இல்லை. ராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சுற்றிப் பவளத்திட்டுகள் இருக்கின்றன. 1986-ல் இது கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. மீனவர்கள் ‘பார்’ என்று சொல்லும் இந்தத் திட்டுகள்தான் பல மீன்களுக்கு நாற்றங்கால். முன்பு சுண்ணாம்புக்காகப் பவளம் வெட்டியதாலும், 2010, 2016 ஆண்டுகளில் வெளுத்ததாலும் இந்தத் திட்டுகள் நிறையச் சேதம் அடைந்தன. தூத்துக்குடியில் உள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனம், 2002 முதல் அக்ரோபோரா உள்ளிட்ட பவளத் துண்டுகளைச் சிமென்ட் அடித்தளங்களில் கட்டி, கடலடியில் நட்டு மீட்டெடுக்கும் பணியைச் செய்துவருகிறது. நடுகிற துண்டு ஆரோக்கியமானதா என்று பார்த்து நடுவது, நெல் வயலில் போலவே கடலிலும் முதல் வேலை.

உங்கள் வயலுக்கான நாள் கணக்கு

ஒரு நோட்டுப் புத்தகமும் பேனாவும் இருந்தால், எந்த விவசாயியும் இந்தக் கணக்கை வைத்துக்கொள்ளலாம்.

1. முட்டையை முதலில் கண்ட தேதியைக் குறித்துவையுங்கள். முட்டை எங்கே இருந்தது? இலை நுனியா, அடிப்பக்கமா, தண்டா, மண்ணா?

2. அந்த இலையை ஒரு கண்ணாடிப் புட்டியில் போட்டு, மெல்லிய துணியால் மூடி நிழலில் வையுங்கள். பொரிந்த தேதியை எழுதுங்கள். முட்டையிலிருந்து புழுவுக்குப் பதிலாகச் சிறு குளவிகள் வந்தால், வயலில் ஒட்டுண்ணி வேலை செய்கிறது. மருந்தை நிறுத்தி வையுங்கள்.

3. மருந்து அடித்த தேதி, மூன்றாம் நாள், பத்தாம் நாள், இருபதாம் நாள் பார்த்த பூச்சிகளின் எண்ணிக்கை, அவை சிறியவையா பெரியவையா என்று எழுதுங்கள். பத்தாம் நாளுக்கு மேல் சிறிய பூச்சிகள் மட்டும் தெரிந்தால், அவை பெரும்பாலும் முட்டைக்குள் இருந்து தப்பியவை. பெரியவையும் சிறியவையும் கலந்து தெரிந்தால், மருந்து சரியாகப் படவில்லை, எதிர்ப்புத்திறன் வந்திருக்கிறது அல்லது பக்கத்து வயலில் இருந்து வந்திருக்கின்றன.

4. அன்றைய வெயில், மழை, பனியையும் ஒரு வரி குறியுங்கள். அடுத்த ஆண்டு இதே மாதத்தில் இந்தக் குறிப்பு கைகொடுக்கும்.

வாசகர் கேள்வி பதில்

வீட்டுத் தொட்டியில் உயிருள்ள பவளம் வளர்க்க ஆசை. கடலில் இருந்து எடுத்து வளர்க்கலாமா?

கூடாது. பாறை கட்டும் பவளங்கள் அனைத்தும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001 முதல் சேர்க்கப்பட்டுள்ளன. எடுப்பது, வைத்திருப்பது, விற்பது எல்லாமே கடுமையான குற்றம். செத்துக் கரையொதுங்கிய பவளத்துக்கும் இது பொருந்தும்.

குடற்புழு மருந்தைப் பயிருக்கோ, மீன் குளத்துக்கோ பயன்படுத்தலாமா?

வேண்டாம். அது கால்நடைக்கு, எடைக்கு ஏற்ற அளவில், கால்நடை மருத்துவர் சொன்னபடி கொடுக்க வேண்டிய மருந்து. குளத்தில் விட்டால் மீனுக்கும் மற்ற உயிர்களுக்கும் ஆபத்து. பவளத் தொட்டியில் பயன்படுத்துபவர்களும் பவளத்தைத் தனிப் பாத்திரத்தில் எடுத்து வைத்துத்தான் செய்கிறார்கள்.

மாட்டுக்கு உண்ணி மருந்து அடித்தும் திரும்பத் திரும்ப வருகிறது. என்ன செய்வது?

தாய் உண்ணி ரத்தம் குடித்து முடித்ததும், மாட்டை விட்டுக் கீழே விழுந்து, கொட்டகைத் தரை, சுவர் விரிசல், சாணக் குப்பை ஓரங்களில் ஆயிரக்கணக்கில் முட்டை வைக்கும். மாட்டின் மேல் அடிக்கும் மருந்து அங்கே போகாது. எனவே, விரிசல்களைப் பூசி, தரையைச் சுத்தம் செய்து, கொட்டகைக்கும் சேர்த்து வைத்தியம் செய்ய வேண்டும். முட்டை பொரிந்து வரும் குஞ்சுகளுக்காக, மருத்துவர் சொல்லும் இடைவெளியில் மறுமுறை மருந்து அவசியம்.

மக்காச்சோளப் படைப்புழுவுக்கு எந்தப் பருவத்தில் மருந்து அடிக்க வேண்டும்?

இளம்புழு இலையைச் சுரண்டும் பருவத்திலேயே அடிக்க வேண்டும். வெளிறிய சன்னல் போன்ற சுரண்டல் தடம்தான் அடையாளம். வளர்ந்த புழு குருத்துக்குள் புகுந்து, கழிவால் வாயை அடைத்துக்கொள்ளும். அதன்பிறகு மருந்து எட்டுவது கடினம். வெயில் காலத்தில் இதன் வாழ்க்கைச் சுழற்சி ஏறத்தாழ 30 நாளில் முடிந்துவிடும் என்பதால், முளைத்த முதல் வாரத்தில் இருந்தே வாரம் இருமுறை வயலைச் சுற்றிவந்து, இலைகளில் உள்ள முட்டைக் குவியலை நசுக்கி அழியுங்கள். எந்த மருந்து, எந்த அளவு என்பதை உங்கள் வட்டார வேளாண் விரிவாக்க மையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். போகும்போது நோட்டுப் புத்தகத்தையும் கையோடு கொண்டு செல்லுங்கள்.